ரத்தம் உறைவதும் பிரஷர் ஏறுவதும் எங்கே சந்திக்கின்றன?

அக்கா மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து வந்த நான்காம் நாள் பி.பி. பார்த்தோம். 146/94 இருந்தது. மதுரையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கும் அனுப்பினார்கள். பத்து நாளில் பல பக்க ரிப்போர்ட் வந்தது. 'த்ரோம்போஃபிலியா புரொஃபைல்' என்று தலைப்பு. நடுவில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: புரோட்டீன் எஸ் 38 சதவீதம், இருக்க வேண்டியது 55க்கு மேல்.

அன்று ராத்திரி போனில் அழுதாள். "சித்தி, எனக்கு ரத்தத்துலயே கோளாறாம். பரம்பரையா வர்றதாம். பிரஷரும் அதனாலதான் வந்திருக்கும்ங்கிறாங்க. தினமும் வயித்துல ஊசி போடணுமாம். அவங்க வீட்டுல இதை எப்படிச் சொல்றது?"

நான் டாக்டர் இல்லை. மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுகிறவள். அந்த ரிப்போர்ட்டை ஓய்வு பெற்ற ஒரு மகப்பேறு மருத்துவரிடம் எடுத்துப் போனேன். அந்த அம்மா 38 என்ற எண்ணைப் பார்க்கவே இல்லை. "ரத்தம் எத்தனாவது வாரத்துல எடுத்தாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ரத்தத்தில் இரண்டு வேலை எப்போதும் சேர்ந்தே நடக்கும். கை அறுபட்டால் ரத்தம் உறைய வேண்டும். உறைந்தது அந்த இடத்தோடு நிற்கவும் வேண்டும். உறைவதைத் தூண்டும் புரதங்கள், அதாவது உறைகாரணிகள், ஒரு பக்கம். அவற்றுக்கு ப்ரேக் போடும் ஆன்டித்ரோம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் மூன்றும் மறுபக்கம். பிறவியிலேயே இந்த ப்ரேக் புரதங்களில் ஒன்று குறைவாக இருந்தாலோ, தூண்டும் புரதம் ப்ரேக்குக்கு அடங்காத வடிவத்தில் இருந்தாலோ, ரத்தம் தேவையில்லாத இடத்தில் கட்டியாக உறையும் வாய்ப்பு கூடும். இதைத்தான் த்ரோம்போஃபிலியா என்கிறார்கள். ஆன்டித்ரோம்பின் குறைபாடு நார்வேயில் ஒரு குடும்பத்தில் 1965ல் கண்டறியப்பட்டது. புரோட்டீன் சி குறைபாடு 1981லும், புரோட்டீன் எஸ் குறைபாடு 1984லும் தெரியவந்தன. 1994ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஐந்தாம் உறைகாரணியின் மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பெயராலேயே அது 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' ஆனது. இரண்டு வருடம் கழித்து, அதே ஊரில் புரோத்ராம்பின் என்ற இன்னொரு உறைகாரணியின் மரபணு மாற்றமும் தெரியவந்தது.

ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் சுமார் ஐந்து பேரிடம் இருக்கும். நம் பக்கம் அது அரிது. புரோத்ராம்பின் மாற்றம் தென்னிந்தியரிடம் ஏறக்குறைய காணவே கிடைக்காது. நம் ஊரில் பரம்பரையாக வரும் உறைதல் கோளாறு என்றால் பெரும்பாலும் அந்த மூன்று ப்ரேக் புரதங்களைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் லேபில் விற்கும் பேக்கேஜில் எல்லாமே சேர்ந்து வரும். எம்.டி.எச்.எஃப்.ஆர். என்று இன்னொரு மரபணுவையும் சேர்த்திருப்பார்கள். அதற்கும் ரத்தக்கட்டிக்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்று தெரிந்து, கர்ப்பிணிகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்று மகப்பேறு மருத்துவ அமைப்புகளே சொல்லிவிட்டன. இருந்தும் அது பட்டியலில் இருக்கிறது, காசும் வாங்குகிறார்கள்.

சரி, வாரத்தைக் கேட்டது ஏன்? பிரசவத்தில் ரத்தம் போகும், அதில் தாய் சாகக் கூடாது. அதற்காக உடம்பு பல மாதம் முன்பே தயாராகிறது. உறைகாரணிகள் பல கூடுகின்றன, அவற்றில் ஒன்றான ஃபைப்ரினோஜன் ஏறுகிறது, ப்ரேக்குகளில் ஒன்றான புரோட்டீன் எஸ் இறங்குகிறது. முழு ஆரோக்கியமான பெண்ணுக்கும் இப்படித்தான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் புரோட்டீன் எஸ் 24 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சந்தேகப்படச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் போட்டிருந்த 55, கர்ப்பம் இல்லாதவர்களுக்கான அளவு. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு 38 என்பது இயல்பு. லேப் மெஷினுக்கு அவள் வயிற்றில் குழந்தை இருப்பது தெரியாது. தெரிந்த மனிதர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால் ஒரு பெண் பத்து நாள் தூங்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும் எண்ணை மாற்றும். ஹெபரின் ஊசி ஓடும்போது ஆன்டித்ரோம்பினும், வார்ஃபரின் மாத்திரை எடுக்கும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைந்து தெரியும். காலில் சிரைக்குள் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) கட்டி உறைந்திருக்கும் அதே நேரத்தில் எடுத்தாலும் எண்களை நம்ப முடியாது. மரபணுச் சோதனைகள் மட்டும் எப்போது எடுத்தாலும் மாறாது. புரத அளவு பார்க்க வேண்டுமென்றால் பிரசவம் முடிந்து சில வாரம், முடிந்தால் மூன்று மாதம், பொறுப்பது நல்லது.

இனி பிரஷருக்கு வருவோம். 20 வாரம் தாண்டிய பிறகு புதிதாக பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம். அதோடு சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, தட்டணுக்கள் குறைந்தாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டாலோ பிரீஎக்லாம்ப்சியா. அது முற்றி வலிப்பு வந்தால் எக்லாம்ப்சியா, நம் பாட்டிகள் பிரசவ ஜன்னி என்று பயந்தது. 160/110 எட்டினால் அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீரில் புரதம் இறங்குவதை ஊரில் 'உப்பு போகுது' என்பார்கள். இந்தப் பெயரே ஆளைத் திசைதிருப்பும். உப்பு போகிறதாம் என்று சாப்பாட்டில் உப்பை அறவே நிறுத்தி, வாய்க்குப் பிடிக்காமல் பட்டினி கிடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். போவது உப்பில்லை, புரதம். உப்பைக் குறைத்துப் பிரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்கே சுருள் சுருளாக இருக்கும் குறுகிய தமனிகளை அகலமான குழாய்களாக மாற்றும். கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்வாயை ஆழப்படுத்துகிற மாதிரி. அந்த வேலை பாதியில் நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அது சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது, அவை தாயின் ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. குழாய் இறுகி பிரஷர் ஏறுகிறது. தாய்க்குத் தெரியும்போது ஆறாவது ஏழாவது மாதம் ஆகியிருக்கும். கோளாறு தொடங்கியதோ மசக்கை ஓய்வதற்கும் முன்னால்.

இங்கேதான் இரண்டு கதையும் பின்னிக்கொண்டன. பிரீஎக்லாம்ப்சியா வந்தவர்களின் நஞ்சுக்கொடியை எடுத்துப் பார்த்தபோது ரத்தக்கட்டிகள் தென்பட்டன. பரம்பரை உறைதல் கோளாறுதான் அந்தக் குழாய்களை அடைக்கிறதோ என்று 1990களில் சந்தேகம் வந்தது. கடுமையான பாதிப்பு வந்த பெண்களைச் சோதித்த சில ஆய்வுகளில், பாதிப் பேருக்கு ஏதோ ஒரு உறைதல் கோளாறு இருந்ததாக முடிவு வந்தது. உலகம் முழுக்க டாக்டர்கள் இந்தச் சோதனைகளை எழுதத் தொடங்கினார்கள், ஹெபரினும் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

ஆனால் வார்டில் படுத்திருப்பவர்களிடம் மட்டும் கணக்கெடுத்தால், அதே மரபணுவோடு சுகமாகப் பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். அவர்களை யாரும் சோதிப்பதும் இல்லை. பிறகு கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்தே பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் வந்தன. 2010ல் அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, ஃபேக்டர் ஃபைவ் லைடனுக்கும் பிரீஎக்லாம்ப்சியாவுக்கும் இடையே உறுதியான தொடர்பு தெரியவில்லை. 2014ல் த்ரோம்போஃபிலியா உள்ள 292 கர்ப்பிணிகளிடம் நடந்த டிப்ஸ் என்ற சோதனையில், தினமும் ஹெபரின் வகை ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பிரீஎக்லாம்ப்சியா, ரத்தக்கட்டி, கருச்சிதைவு எதிலும் வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பக் கருக்கலைந்த, பரம்பரை உறைதல் கோளாறும் இருந்த பெண்களை 2023ல் ஒரு ஆய்வு பார்த்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 71 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. மாதக் கணக்கில் வயிற்றில் குத்திக்கொண்டதற்கு ஒரு சதவீத வித்தியாசம். அதுவும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான்.

ஒரு விலக்கு இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒன்று. இது பரம்பரை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்க்கு எதிராகத் திரும்புவதால் வருவது. இதற்கும் பிரீஎக்லாம்ப்சியாவுக்கும் தொடர்பு நிஜம். தொடர்ந்து மூன்று முறை கருக்கலைந்தவர்கள், பத்து வாரத்துக்குப் பிறகு வயிற்றிலேயே குழந்தையை இழந்தவர்கள், கடும் பிரீஎக்லாம்ப்சியாவால் 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க நேர்ந்தவர்கள் ஆகியோருக்கு இதைச் சோதிக்க வேண்டும். 12 வாரம் விட்டு இரண்டு முறை எடுத்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெபரினும் சேர்த்துக் கொடுப்பது சரியான வைத்தியம். பரம்பரைக் கோளாற்றையும் இதையும் ஒரே பேக்கேஜில் போட்டு ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

அப்படியென்றால் பரம்பரை உறைதல் கோளாறு கர்ப்பிணிக்கு ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது. பிரஷரின் காரணமாக இல்லை, கால், நுரையீரல், மூளை ஆகிய மூன்று இடங்களில். பிரஷரும் அதுவும் நேருக்கு நேர் சந்திப்பது பிரசவம் முடிந்த பிறகான ஆறு வாரத்தில்.

கர்ப்பிணிக்குச் சிரையில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு. பிள்ளை பெற்ற பிறகு அது இன்னும் ஏறும். பிரீஎக்லாம்ப்சியா தனியாகவே அந்த வாய்ப்பைக் கூட்டும். சிசேரியன் கூட்டும். படுத்தே கிடப்பது கூட்டும். இவற்றோடு பிறவியிலேயே ப்ரேக் புரதம் குறைந்தவளாகவும் இருந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஏற்கெனவே ஒரு முறை கட்டி வந்தவர்களுக்கும் ஆன்டித்ரோம்பின் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஹெபரின் ஊசி உயிர் காப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது நம் ஊரில் 'பச்சை உடம்புக்காரி'யை எப்படி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சித்திரை வெயிலில், மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, எழுந்து நடக்கவும் விடாமல். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும் ரத்தம் மூளையின் சிரைகளில் உறைந்துவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய இந்த மூளைச் சிரை அடைப்பைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். நம் நாட்டில் இளம்பெண்களுக்குப் பக்கவாதம் வர இது முக்கியமான காரணமாக இருந்தது. வீட்டில் பிரசவம் குறைந்து, இந்தப் பழக்கங்களும் தளர்ந்த பிறகு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

அது தலைவலியாகத் தொடங்கும். நாளுக்கு நாள் கூடும். 'தலையில நீர் கோத்துருச்சு' என்று சாம்பிராணிப் புகை போடுவார்கள், நெற்றியில் பற்றுப் போடுவார்கள். வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வலிப்பு என்று போனால்தான் வண்டி தேடுவார்கள். பச்சை உடம்புக்காரிக்கு விடாத தலைவலி வந்தால் அது பிரஷராக இருக்கலாம், மூளைச் சிரை அடைப்பாகவும் இருக்கலாம். முதுகில் ஊசி போட்ட பின்விளைவாகக்கூட இருக்கலாம். மூன்றையும் பிரித்துச் சொல்வது வீட்டில் நடக்காது. பி.பி. பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கால் விஷயமும் இப்படித்தான். கர்ப்பத்தில் இரண்டு பாதமும் வீங்குவது சகஜம். ஒரு கால் மட்டும், அதிலும் இடது கால், கெண்டைச்சதையோ தொடையோ கனத்து வலித்து வீங்கினால் சும்மா விடக் கூடாது. இடுப்புக்குள் வலது பக்கத் தமனி இடது பக்கச் சிரையின் மேலே ஏறிப் போவதால் அங்கே ரத்தம் தேங்கும். அதனால் கர்ப்பகாலக் கட்டிகள் பெரும்பாலும் இடது காலில் வரும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒரே காரியம். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். பிறகு கைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

பிரஷரும் பிரசவத்தோடு முடிந்துவிடாது. பிள்ளை பிறந்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பி.பி. உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவம் என்றால் அதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். யாரும் பி.பி. பார்க்காத நாட்கள் அவை. அதேபோல ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வருவதும். புகுந்த ஊரில் பார்த்த நர்ஸ் வேறு, இங்கே பார்ப்பவர் வேறு. ஐந்தாம் மாதம் 110/70 இருந்தவள் இப்போது 136/86 என்றால் அது எச்சரிக்கை. ஆனால் பழைய எண் தெரிந்தால்தானே? தட்டு வரிசையில் எதை மறந்தாலும் தாய் சேய் நல அட்டையை மறக்கக் கூடாது. புது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் எண்) சொல்லிப் பதிவை மாற்றிக்கொள்வதும் வந்த வாரமே நடக்க வேண்டும். பஸ்ஸில் நின்று வந்து, மாடி ஏறி, உடனே கையை நீட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கப் பார்த்தால்தான் எண் உண்மையாக இருக்கும். மேல்வயிற்று வலியை 'வாயு' என்று ஓமத் தண்ணீரோடு விடுவதும், கண் முன்னால் பூச்சி பறப்பதைச் சத்துக் குறைவு என்று சொல்வதும் வேண்டாம்.

தடுக்க வழி உண்டா என்றால், உண்டு, மலிவாகவே. ஆபத்து கூடுதலாக இருந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017ல் வெளியானது. 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்தில் இருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. முன் பிரசவத்தில் பிரஷர் வந்திருந்தாலோ, இப்போது சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), வயிற்றில் இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தாலோ மூன்றாம் மாதத்திலேயே டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேட்க வேண்டும். ஏழாம் மாதத்தில் கேட்டுப் பலனில்லை. தானாக வாங்கியும் போடக் கூடாது. பாலும் கேழ்வரகும் குறைவாகச் சாப்பிடும் நம் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் கால்சியம் மாத்திரை இன்னொன்று. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் போட வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு மக்னீசியம் சல்பேட் ஊசி. 2002ல் 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்ததில் அது வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு அந்த ஒரு ரிப்போர்ட்டின் விலைக்குப் பக்கத்தில் வராது.

'பரம்பரை' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண் வீட்டு ரத்தம் சரியில்லை என்று ஒரு வீட்டில் பேச்சு கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு மட்டும் இல்லை. அதன் மரபணுவில் பாதி அப்பாவுடையது. பிரீஎக்லாம்ப்சியா வந்த தாய்க்குப் பிறந்த ஆண், பின்னாளில் தகப்பனாகும்போது அவன் மனைவிக்கும் அது வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று 2001லேயே எழுதியிருக்கிறார்கள். குழந்தையின் மரபணுவுக்கே இதில் பங்கு உண்டு என்று 2017ல் தெரியவந்தது. ஆக, மாமியாரின் பிரசவக் கதையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சொந்தத்துக்குள் கல்யாணம் என்பது வேறு கணக்கு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பத்தில் புரோட்டீன் சி குறைபாடு ஓடினால், கணவன் மனைவி இருவரிடமும் பழுதான பிரதி இருக்கலாம். குழந்தைக்கு இரண்டுமே வந்து சேர்ந்தால், பிறந்த சில மணி நேரத்தில் தோலில் கருநீலத் திட்டுகள் பரவும். அரிது, ஆனால் உயிர் போகும் அவசரம். முன் குழந்தைக்கு அப்படி நேர்ந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதிலேயே கால் சிரையிலோ நுரையீரலிலோ கட்டி வந்தவர்கள் இருந்தாலோ, த்ரோம்போஃபிலியா சோதனைக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைக்கு முன்னும், திருவிழாவுக்காகத் 'தள்ளிப்போடும்' மாத்திரைக்கு முன்னும் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெண்ணுக்கு ஊசி போடவில்லை. பி.பி. மாத்திரையோடு, வாரம் இருமுறை அளந்து, 37 வாரத்தில் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, 2.6 கிலோ. ஐந்தாம் நாள் வீட்டில் பி.பி. 152/100 காட்டியது. திரும்ப அழைத்துப்போய் மாத்திரையைக் கூட்டினோம், ஆறு வாரத்தில் நிறுத்தினார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த புரோட்டீன் எஸ் 74. தண்ணீர்ச் சொம்பை மட்டும் அக்கா கடைசி வரை அவள் தலைமாட்டில் இருந்து எடுக்கவில்லை.

கர்ப்பத்தில் பிரஷர் வந்தவளுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வருடத்துக்கு ஒரு முறை பி.பி. பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தங்கைக்குத் தையில் கல்யாணம். முதல் மாதம் பதிவு செய்யப் போகும்போது நர்ஸ் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 'எங்க அக்காவுக்கு பிரஷர் இருந்துச்சு' என்று சொல்லச் சொல்லி வைத்திருக்கிறோம்.